டேப் ஒட்டாத கொசுறு

கடைப் பெண் பெரிய கோப்பையின் மூடியில், ஸ்ட்ரா செருகும் ஓட்டையின் மேல் டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு ஜன்னல் வழியே காருக்குள் நீட்டினாள். ஸ்ட்ராவைத் தனியாக, காகித உறை பிரிக்காமல் கொடுத்தாள்.

"டேப்பைக் கிழிச்சே, கரும்புக் காட்டுல இறக்கி விட்டுடுவேன்," என்றாள் ஒடீல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"ஒரு நாள் பூரா மல்லாந்து கிடந்து உன் பிரேக்கைச் சரி பண்ணியிருக்கேன். ஒரு டாக்கிரி வாங்கிக் குடுக்க இவ்வளவு மிரட்டலாக்கா?" என்று சிரித்தான் தம்பி அல்சீட். "வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன். போதுமா?"

லூசியானாவில் காரை விட்டு இறங்காமலே இப்படி ஐஸோடு அரைத்த ரம் வாங்கலாம். டேப் இருக்கும்வரை அது மூடிய பாட்டில். ஸ்ட்ரா உள்ளே இறங்கினால் திறந்த மது. ஓட்டுபவள் தலையிலும் வழக்கு விழும். குடியைத் தலைமுழுகிய ஒடீலுக்கு இந்தச் சட்டம் மனப்பாடம். நாளைக் காலை கோர்ட். மகள் கோராவை அவளிடம் திருப்பித் தருவதா, அப்பனிடமே விட்டுவைப்பதா என்று நீதிபதி சொல்லப்போகும் நாள். மதுவின் வாசனை வீசும் சின்னப் புகார் போதும், பிள்ளை போய்விடும்.

"இருங்க, கொசுறு!" என்று கடைப் பெண் கூப்பிட்டாள். மிஷினில் மிஞ்சியதை வழித்து ஊற்றிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். வேண்டாம் என்பது, கொடுத்த கையைத் தட்டிவிடுவது மாதிரி. "மகராசியா இரும்மா," என்று அல்சீட் வாங்கிக்கொண்டான்.

ஒடீல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் கண் பின்புறம் காட்டும் கண்ணாடியில் இருந்தது. கடைக்குப் பின்னாலிருந்து ஷெரீஃப் இலாகா கார் ஒன்று ஓசையில்லாமல் நகர்ந்து வந்தது.

கரும்புக் காட்டுச் சாலையிலும் அது விடவில்லை. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. அவள் வேகம் குறைத்தால் அதுவும் குறைத்தது.

"யாருக்கா அது?"

"க்ளோவிஸ்."

அல்சீட்டின் சிரிப்பு அணைந்தது. க்ளோவிஸ், அவளை விட்டுப்போன கணவனின் அண்ணன்; ஷெரீஃப் இலாகா போலீஸ்காரன்.

ஆள் நடமாட்டமே இல்லாத வாய்க்கால் பாலத்தருகே நீல விளக்கு சுழன்றது. ஒடீல் ஓரம் கட்டினாள். பூட்ஸ் சத்தம் நிதானமாக நெருங்கியது.

"என்ன ஒடீல், கொண்டாட்டமா? தீர்ப்பு நாளைக்குத்தானே?"

"தம்பிக்கு வாங்கினது அத்தான். டேப் அப்படியே இருக்கு. பாத்துக்குங்க."

க்ளோவிஸ் கோப்பையை வெயிலில் தூக்கிப் பார்த்தான். டேப்பின் விளிம்பை விரலால் வருடினான். ஒடீல் மூச்சை அடக்கிக்கொண்டாள். கிழித்துவிட்டால்?

கிழிக்கவில்லை. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"சட்டப்படி சரியா இருக்கு." அவள் மூச்சு விட்டாள். "அது என்ன?"

அவன் விரல் காட்டிய இடத்தில், கியருக்குப் பக்கத்துக் குழியில், அவள் முழங்காலை ஒட்டி நின்றது ஒரு சின்னக் காகிதக் கோப்பை. மூடியில்லை, டேப்பும் இல்லை. செக்கச்செவேலென்று உருகிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி!" என்றாள் ஒடீல் தம்பியைப் பார்த்து.

"கொசுறுக்கா... பெரிசு மடியில இருந்ததால அங்க வெச்சேன். ஒரு வாய்கூடக் குடிக்கல, சத்தியமா!"

"வழக்கு என் பேர்ல போடுங்க அத்தான்," என்றான் அல்சீட்.

"வழக்கா? நம்ம குடும்பத்துக்குள்ள எதுக்குப்பா அதெல்லாம்?" க்ளோவிஸ் போனை எடுத்தான். ஒடீல் கோப்பையை மறைக்கக் கையை நீட்டினாள். விரல்கள் அதைச் சுற்றி வளைந்த நேரத்தில் 'கிளிக்' என்றது.

படத்தைப் பார்த்துத் தலையசைத்தான். "கையில பிடிச்சிருக்க. நாளைக்கு நீதிபதி பாக்க இன்னும் நல்லா விழுந்திருக்கு."

"இது அநியாயம். நான் குடிக்கலைன்னு உங்களுக்கே தெரியும்!"

"தெரியும்." அவன் குனிந்து, ரகசியம் போலச் சொன்னான். "நீ டேப்பைக் கிழிக்க மாட்டேன்னும் தெரியும். ஆனா இந்த ஊர்ல கொசுறை யாரு வேணாம்னு சொல்லுவா? அந்தக் கடைப் பொண்ணு நல்ல பொண்ணு. சொன்னதைச் செய்வா."

பூட்ஸ் சத்தம் திரும்பிப் போனது. ஒடீலின் விரல்களில் சிவப்பாகச் சொட்டியது கொசுறு.