மோந்து பார்த்த கை

மதிய வெயில் கூடத்துக்குள் பாதி தூரம் வந்து நிற்கிறது. வெயில் முடிகிற இடத்தில் ஒரு சாக்கு. சாக்கின் மேல் பிளந்து வைத்த பலாப்பழம். எது வெயில், எது சுளை என்று ஒரு கணம் தெரிவதில்லை.

பலாப்பழத்தை ஒளித்து வைக்க முடியாது. பழம் உள்ளே இருக்கும்போதே வாசம் வாசலுக்குப் போய் நின்றுவிடும். தெருவில் போகிறவர்கள்கூட, "என்ன, உங்க வீட்டுல பலாவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

என் அப்பா வீட்டு மரத்துப் பழம் இது. பண்ருட்டிப் பக்கம். ஒவ்வொரு ஆனியிலும் அப்பா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். என் கணவர் கலியமூர்த்தி தின்பார். மாமியார் தின்பார். மகள் தர்ஷிகா தின்பாள். பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லோரும் தின்பார்கள். நான் அறுப்பேன்.

அறுப்பேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பால் ஒட்டாமல், சடை நீக்கி, சுளை சுளையாக எடுத்துத் தட்டில் அடுக்குவேன். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். பிறகு எலுமிச்சைத் தோல். மறுபடி சோப்பு. பிறகு மோந்து பார்ப்பேன்.

மகளுக்கு எத்தனை வயதோ அத்தனை வருடமாக நான் ஒரு சுளை வாயில் வைத்ததில்லை. பிடிக்காமல் இல்லை. கடைசியாகத் தின்ற சுளைக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதுவும் ஓர் ஆனி. அதுவும் மழை. மூன்று மாதப் பிள்ளையோடு அம்மா வீட்டிலிருந்து இந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். பூண்டுக் குழம்பு. சுட்ட கருவாடு. வெந்நீர். மறுநாளும் பூண்டுக் குழம்பு. நான் தின்பது பாலில் இறங்கும். பால் பிள்ளைக்குள் இறங்கும். ஆகாதது இறங்கினால் பிள்ளைக்கு மாந்தம். வயிறு உப்பும், பேதி போகும், கண் செருகும். என் வாய் அப்போது என் வாய் இல்லை.

"எத வேணா தொடு, பலாவ மட்டும் தொட்டுடாத. பால் குடுக்கறவ தின்னா புள்ளைக்கு மாந்தம்" என்றார் மாமியார்.

தொடவில்லை. பேத்தியைப் பார்க்க அப்பா பழத்தோடு வந்தார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். நான் உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசம் மட்டும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது.

பெற்ற உடம்புக்கு ஒரு பசி உண்டு. வயிற்றுப் பசி இல்லை. எலும்புக்குள் இருக்கிற பசி. பிள்ளை பால் குடிக்கக் குடிக்க அது ஏறும். பத்தியம் போட்டவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும், தெரிந்தேதான் போட்டார்கள்.

மறுநாள் மதியம் மழை. வீடு உறங்கியது. மூடி வைத்த தட்டில் மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஓட்டிலிருந்து வழிகிற தண்ணீரில் பாதி நனைந்தபடி தின்றேன்.

ஒரு சுளை. அப்படி ஓர் இனிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து திருடித் தின்றது அது ஒன்றுதான், அதுவும் என் அப்பா வீட்டுப் பழம்.

சாயங்காலம் பிள்ளைக்குப் பேதி. விளக்கு வைக்கும்போது காய்ச்சல். மாமியார் என் முன்னால் வந்து நின்றார்.

"கையக் காட்டு."

காட்டினேன். மோந்து பார்த்தார்.

வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. ஆட்டோ வரும்வரை, ஆட்டோ போகும்போது, ஆஸ்பத்திரிப் படியேறும்போது, ஒரே பேச்சு. "பெத்தவளா இவ? நாக்கக் கட்ட முடியல பாரு."

வார்டு முழுக்கக் குழந்தைகள். எல்லாவற்றுக்கும் பேதி. டாக்டரம்மாவுக்கு உட்கார நேரமில்லை. "ஊரு பூரா இதுதான். மழைத்தண்ணி குடிதண்ணியோட கலந்துருக்கு. தாய்ப்பாலத் தவிர வேற என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். தினமும் காலையில் மாமியார் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, கல்லில் உரைமருந்து உரசுவார். வசம்பு, சுக்கு, மாசிக்காய், ஜாதிக்காய். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசி, விரலில் எடுத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவார். மாந்தம் வராமல் இருக்க. அந்தத் தண்ணீர் குழாய்த் தண்ணீர். கொதிக்க வைக்காதது.

"வேற ஒண்ணுமே குடுக்கலம்மா" என்றார் மாமியார். "இவதான் பலாப்பழம் தின்னுட்டா."

"பலாப்பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். அதை நான் மட்டும்தான் கேட்டேன் போலிருக்கிறது.

வாயைத் திறந்தேன். கலியமூர்த்தியைப் பார்த்தேன். அவர் சொட்டுச் சொட்டாக இறங்குகிற குளுக்கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் கையில் ஊசி. உள்ளங்கை அளவுகூட இல்லாத கை. அது பிழைத்தால் போதும், வழக்கு யார் ஜெயித்தால் என்ன என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

பிள்ளை பிழைத்தது. பிள்ளையோடு பழியும் வீட்டுக்கு வந்தது.

ஆனி வரும். மழை வரும். அப்பா பழத்தோடு வருவார். வந்தவர்களுக்கெல்லாம் மாமியார் கதை சொல்வார். "எங்க குமுதவல்லி ஒரு சுளையத் தின்னு புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவளாச்சே!" எல்லோரும் சிரிப்பார்கள். கலியமூர்த்தியும் சிரிப்பார். சுளைத் தட்டை நீட்டிக்கொண்டே நானும் சிரிப்பேன்.

தர்ஷிகா பால் மறந்தாள். நான் பயம் மறக்கவில்லை. அவள் தும்மினால், நேற்று நான் என்ன தின்றேன் என்று யோசிப்பேன். அவள் கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால் யோசிப்பேன். நாலாம் வகுப்புக் கணக்கில் மார்க் குறைந்தபோதும் யோசித்தேன். முந்தின நாள் பஜ்ஜி தின்றிருந்தேன்.

சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பஜ்ஜியை விட்டுவிட்டேன்.

உட்கார்ந்து தின்பதையும் விட்டேன். நின்றபடி. அடுப்பைப் பார்த்தபடி. மகள் தட்டில் வைத்த மிச்சத்தைத் தின்னலாம். அது சோறு வீணாகாமல் காப்பது, குற்றமில்லை. ஆசைப்பட்டுத் தின்றால்தான் குற்றம். இந்தச் சட்டத்தை யாரும் எனக்குப் போடவில்லை. போட்டவர்களைவிடக் கெட்டியாக நானே போட்டுக்கொண்டேன்.

தின்றுவிட்டுக் கை கழுவுவேன். எலுமிச்சைத் தோல் தேய்ப்பேன். மோந்து பார்ப்பேன். இட்லி தின்றாலும் மோந்து பார்ப்பேன். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். குழந்தைதானே என்று நினைத்தேன்.

இந்த ஆனி. மழை முன்னாலேயே வந்துவிட்டது. சித்திரையில் தர்ஷிகா வயதுக்கு வந்திருந்தாள். உளுந்தங்களி ஊட்டி முடித்த கையோடு மாமியார் ஆரம்பித்தார். "அது சூடு, தின்னாத. இது குளுமை, தின்னாத. நாளைக்குப் புள்ள பெத்துக்கற ஒடம்பு."

பழத்தை அறுத்து வைத்தேன். தர்ஷிகா கையை நீட்டினாள்.

"போதும்டி. பலா சூடு. உங்கம்மா கத தெரியுமில்ல? ஒரு சுளையில நீ போய்ச் சேந்துருப்ப" என்று மாமியார் சிரித்தார். கலியமூர்த்தியும் வழக்கம்போல.

தர்ஷிகா சிரிக்கவில்லை. நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மறுநாள், மதியம், மழை. பின்கட்டில் குழாய்ச் சத்தம் கேட்டது. மழையில் யார் குழாயைத் திறந்தது என்று போனேன்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தர்ஷிகா. முதுகு பாதி நனைந்திருந்தது. கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு. பிறகு எலுமிச்சைத் தோல். மறுபடி சோப்பு. பிறகு கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு படிகூடத் தவறவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் உதடு கோணியது. "ஒரே ஒரு சுளைதாம்மா" என்றாள். ஈரக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "வாசம் போயிடுச்சான்னு பாரேன்."

மாமியார் மேல் கோபம். சிரித்த கலியமூர்த்தி மேல் கோபம். தட்டை நீட்டிக்கொண்டே சிரித்தேனே, அந்த என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். குளுக்கோஸ் ஏறிய அதே கை. அதை நான் மோந்து பார்க்க வேண்டுமாம்.

மோந்து பார்க்கவில்லை. பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

மீதிப் பாதிப் பழத்தைச் சாக்கோடு நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எண்ணெய் தடவிக்கொள்ளவில்லை. பால் கையெல்லாம் ஒட்டியது. ஒட்டட்டும். முதல் சுளையை என் வாயில் போட்டுக்கொண்டேன். இரண்டாவதை மகளிடம் கொடுத்தேன்.

வாசம் பிடித்து மாமியார் எழுந்து வந்தார். "என்னடி இது, நடுக்கூடத்துல?"

"சாப்படறேன் அத்தை."

"அவளுக்கும் குடுக்கறியா? அன்னைக்குப் பட்டது பத்தாதா?"

"அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாங்க, வேற என்ன குடுத்தீங்கன்னு. நீங்க உரைமருந்தச் சொல்லல. கொழாத் தண்ணியிலதான் ஒரசுனீங்க. நான் பாத்தேன்."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்டி" என்றார். "அன்னைக்கே தெரியும். எங் கையால குடுத்தேன்னு நான் எப்படிடி சொல்லுவேன்?"

அப்படியா. ஒரே ஒரு சாயங்காலம்கூட அவரால் தூக்க முடியாததை என் தலையில் ஏற்றிவிட்டு, நான் தள்ளாடுவதை வருடா வருடம் ஊருக்குக் காட்டிச் சிரித்திருக்கிறார். பாவம் என்று நினைக்க வேண்டும். நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

"எனக்கு ராத்திரி சோறு வேணாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது பழைய ஆயுதம். முன்பெல்லாம் தட்டோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். நான் இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டேன்.

தர்ஷிகா மெதுவாக மென்றாள். "அம்மா, பின்கட்டுல தின்னப்ப இனிச்சுது. இப்ப சப்புன்னு இருக்கே" என்றாள்.

உண்மைதான். மழை குடித்த பழம். இத்தனை வருடம் நாக்கில் வைத்திருந்த இனிப்பில் கால்வாசிகூட இல்லை. தண்ணீர். வெறும் மஞ்சள் தண்ணீர். இதற்கா இவ்வளவும்?

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான்டி இனிச்சுது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். புரிந்ததா என்று கேட்கவில்லை. கொட்டையைத் துப்பிவிட்டு அடுத்த சுளைக்கு அவளாகவே கையை நீட்டினாள். சப்பென்ற பழத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து, மென்று, போதும் என்கிறவரை தின்றோம்.

மழை விட்டது. வெயில் மறுபடி கூடத்துக்குள் பாதி தூரம் வந்து நின்றது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம். வாசம் எங்களுக்கு முன்னால் வாசலுக்குப் போயிருந்தது.

"என்ன, தெருமுனை வரைக்கும் அடிக்குது? யார் தின்னது?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார் கலியமூர்த்தி.

நான் கை கழுவியிருக்கவில்லை. பிசினும் சாறும் காய்ந்த கையை அப்படியே அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "மோந்து பாருங்க" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கையும் நீண்டிருந்தது.