நிறுத்தச் சொல்லும் கை

ரேடியோவில் செய்தி முடியும்வரை முதலாளி லிங்கசாமி சாரதாமணியை நிற்க வைத்திருந்தார். எழுபத்தொன்று டிசம்பர், பாகிஸ்தானோடு சண்டை நேரம்; நம் கடற்படைக் கப்பல்கள் கராச்சித் துறைமுகத்தை அடித்துவிட்டு வந்த செய்தி. நேற்றிலிருந்து அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலாளி தானே போய் அடித்துவிட்டு வந்தவர் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டார்.

அவளுடைய அப்பா ரத்தினசாமி அன்று விடியும்போது இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதே பனியன் கம்பெனியில் இருபத்து நான்கு வருடம் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். உடம்பைக் கூடத்தில் கிடத்திவிட்டு மகள் இப்படித் தெருவில் இறங்கி நடக்கலாமா என்று வழியில் இரண்டு பேர் கேட்டார்கள். அவள் நிற்காமல் நடந்தாள்.

"சொல்லு கண்ணு," என்றார் முதலாளி.

"அப்பாவ ஒன்றரை மணிக்கு எடுக்கறோமுங்க. கம்பெனி மூலையத் தாண்டற வரைக்கும் மெஷினை நிறுத்தோணுமுங்க."

"உங்க பெரியப்பன் காலைலயே வந்து கேட்டான். ஆகாதுன்னு சொல்லித்தான உட்டேன்."

"சொன்னாருங்க. அதான் நானே வந்தனுங்க."

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே வேலை செய்தவர் யார் செத்தாலும் பாடை அந்தத் தெரு வழியாகத்தான் போகும். அது மூலை திரும்பும்வரை மெஷின்கள் நிற்கும். மிஞ்சிப் போனால் ஐந்து நிமிடம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. போன ஆடியில் வாட்ச்மேன் நல்லான் இறந்தபோதுகூட நிறுத்தினார்கள். முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"இது பட்டாளத்து ஆர்டர் கண்ணு," என்றார் முதலாளி. "புதன்கெழம இன்ஸ்பெக்டர் வர்றாரு. கட்டுக் கட்டாப் பிரிச்சுப் பாப்பாரு. ஒரு பனியன்ல கோடு இருந்தாலும் அத்தனையும் தள்ளிப்போடுவாரு. பையனுக அங்க குளிர்ல நிக்கறாங்க. ஒரு நிமிசம் நிறுத்த முடியாது."

"காலைல டீக்கு நிறுத்துனீங்களாமாங்க."

முதலாளியின் முகம் மாறியது. கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உங்கப்பன் கப்பல்ல கலகம் பண்ணிப்போட்டு வந்தவன். டிஸ்சார்ஜ் காயிதத்தக் கொண்டாந்து எங்கிட்டக் காட்டுனான். போனாப் போகுதுன்னு வேல குடுத்தேன், கம்பெனிக்குள்ள அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு சொல்லி. பட்டாளத்த எதுத்தவனுக்காகப் பட்டாளத்து ஆர்டர நிறுத்தினேன்னு நாளைக்கு எவனாச்சும் எழுதிப்போட்டா என்ற கதி என்னாகறது?"

"எதுத்தாருங்க," என்றாள் சாரதாமணி. "கல்லும் புழுவுமாப் பருப்பு ஊத்துனாங்க, திங்க மாட்டோம்னாங்க. வெள்ளைக்காரன் நாயின்னு கூப்புட்டான், வேல செய்ய மாட்டோம்னாங்க. எங்கப்பா ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்குக் கொடி காட்டிச் சேதி சொன்னாருங்க. திருடிப்போட்டு வரலீங்க."

"போ கண்ணு. போயி ஆகற காரியத்தப் பாரு," என்றார் முதலாளி. ரேடியோவின் காதைத் திருகினார்.

அவள் வெளியே வந்தாள். செக்கிங் பகுதியில் அவள் தினமும் உட்கார்ந்து வேலை செய்யும் பலகை காலியாக இருந்தது. அப்பாவின் மெஷினை மருதாசலம் ஓட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பேசினால் கேட்காது. பன்னிரண்டு மெஷின்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினால்கூடக் கேட்காது.

அதற்காகத்தான் அப்பா அங்கே எல்லோருக்கும் கைச்சாடை சொல்லிக்கொடுத்திருந்தார். நூல் அறுந்தால் இரண்டு விரலால் காற்றைக் கத்தரிக்க வேண்டும். ஊசி உடைந்தால் சுண்டுவிரலை மடக்க வேண்டும். முதலாளி வந்தால் இல்லாத மீசையை முறுக்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தால் எல்லோரும் மெஷினை நிறுத்த வேண்டும். கையை இறக்கினால் ஓட்டலாம். இதெல்லாம் கப்பலில் படித்ததா என்று அவள் ஒருமுறை கேட்டாள். "கப்பல்ல நிறுத்தச் சொல்றதுக்கு ஆபீசருக்குத்தான் உரிமை கண்ணு. இது நானே போட்டது," என்றார்.

கடற்படையில் அவர் சிக்னல் பிரிவில் இருந்தார். பீரங்கி பக்கத்தில்கூட அவர் போனதில்லை. கப்பலுக்குக் கப்பல் உத்தரவு போவது அவரைப் போன்றவர்கள் கை வழியாக. பெரிய அதிகாரி வாயால் சொன்னது சின்னப் பையன் கையால் கொடியாக மாறினால்தான் அடுத்த கப்பல் நகரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு பிப்ரவரியில், பம்பாய்த் துறைமுகத்தில், அந்தப் பையன்கள் அதிகாரிகளின் உத்தரவை விட்டுவிட்டுத் தங்கள் சேதியை அனுப்பினார்கள். ஒவ்வொரு கப்பலாக வேலை நின்றது. சில நாள்தான். பிறகு முகாமில் அடைத்தார்கள். சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ரயில் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருடம் சுதந்திரம் வந்தது. இனிக் கூப்பிடுவார்கள் என்று அப்பா இரண்டு கடிதம் போட்டார். யாரும் கூப்பிடவில்லை. அதிகாரியை எதிர்த்தவனைப் படை திரும்பச் சேர்க்காது. அந்த அதிகாரி வெள்ளைக்காரனாக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன?

"தப்புப் பண்ணிட்டேன்னு மூணாவதா ஒரு மனுப் போடு," என்று பெரியப்பா சென்னிமலை சொன்னாராம். அப்பா போடவில்லை. அதன்பிறகு பெரியப்பாவே ஊருக்கு ஒரு கதை சொன்னார். தம்பிக்குக் காது மந்தம், அதனால் அனுப்பிவிட்டார்கள் என்று. போலீஸ் வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. பன்னிரண்டு மெஷின் இரைச்சலில் எந்த மெஷினில் ஊசி உடைந்தது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்கிற மனிதருக்குக் காது மந்தமாம். ஊரும் நம்பியது.

நேற்று மாலை டீக்கடை ரேடியோவில் கராச்சிச் செய்தியை அப்பா நின்று கேட்டார். வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். "அந்த நேரத்துல சிக்னல் குடுத்த பையன் எவனோ. அவம் பேரு ரேடியோவுல வராது கண்ணு," என்றார். பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பெரியப்பா வாசலிலேயே மறித்தார்.

"பொம்பளப் புள்ள அங்க போயி நிக்கலாமா? அவுரு முடியாதுன்னா முடியாதுதான். இந்தத் தெரு வழியா வேண்டாம், பின்னால வாய்க்கா மேட்டு வழியாத் தூக்கிட்டுப் போயிரலாம். நாலு பேரு என்னன்னு கேக்கமாட்டாங்களா?"

"கேக்கட்டும் பெரியப்பா."

"கேட்டா என்னன்னு சொல்லுவ? காது கேக்காம வந்தவன்னு ஊரே நெனச்சுட்டிருக்குது. இத்தன வருசத்துக்கு அப்பறம் கெளறாத சாமி."

அம்மா ஞானாம்பாள் காலையிலிருந்து அழவும் இல்லை, பேசவும் இல்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் நெற்றியில் பூசிய திருநீறு கண்ணில் விழாமல் முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். இப்போது தலையைத் தூக்கினாள். கொழுந்தனார் மனைவிமார், பக்கத்து வீட்டார், சேகண்டி அடிக்க வந்தவர் என்று கூடம் நிறைய ஆட்கள்.

"அவுருக்குக் காது நல்லாத்தானுங்க கேட்டுது மாமா," என்றாள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சிறிது நேரம் கழித்து, பாடை கட்டுகிறவர்களிடம் அவர் குரல் கேட்டது.

"கம்பெனித் தெரு வழியாவே போகட்டும்."

ஒன்றரை மணிக்கு எடுத்தார்கள். பங்காளி ஒருவர் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனார். பெண்கள் கம்பெனி மூலைவரைதான் வரலாம். அதற்கு அப்பால் ஆண்கள் மட்டும். சாரதாமணி பாடைக்கு முன்னால் நடந்தாள். அதற்கும் யாரோ முனகினார்கள்.

மெஷின் சத்தம் தெரு திரும்பும்போதே கேட்டது. முதலாளி வாசலில் நின்றிருந்தார். செருப்போடு நின்றிருந்தார். பாடையைப் பார்க்காமல் ரோட்டின் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நிட்டிங் கூடத்தின் பெரிய கம்பி ஜன்னல் தெரிந்தது. மருதாசலம் அங்கிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று பெண்குழந்தைகள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒரு கணம் தயங்கினாள்.

பிறகு வாசலுக்கு நேரே போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தாள்.

முதலாளிக்கு அது புரியவில்லை. பெண் ஏதோ வேண்டிக்கொள்கிறது என்று நினைத்திருப்பார். கும்பிட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார், ஏனென்றால் பின்னால் ஒரு மெஷின் நின்றது. அப்பாவின் மெஷின். அடுத்து அதற்குப் பக்கத்தில் இருந்தது நின்றது. மூன்றாவது. அவர் திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினார். கத்தியது எல்லோருக்கும் கேட்டது, அந்த அளவுக்குச் சத்தம் குறைந்துவிட்டது. மருதாசலம் ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி அதே மாதிரி கையைத் தூக்கியிருந்தான். ஏழாவது, எட்டாவது. கடைசி மெஷின் சிறிது நேரம் தனியாக ஓடிப் பார்த்துவிட்டு அடங்கியது.

முதலாளியின் அறையில் ரேடியோ பேசுவது தெருவுக்குக் கேட்டது. நம் கப்பல்கள் பத்திரமாகத் துறைமுகம் திரும்பிவிட்டனவாம்.

"சாரதாமணி, பாடைதான் தாண்டியாச்சல்லோ. போதும், கைய எறக்கு," என்றார் முதலாளி. அவர் குரல் இறங்கியிருந்தது.

பாடை மூலை திரும்பியது. பெரியப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சேகண்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் கேட்காமல் போனது. ஜன்னலுக்குள்ளே பன்னிரண்டு பேரும் மெஷினில் கை வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இன்னும் கையை இறக்கவில்லை.