ஒற்றை பிளக்

கோழிக்குஞ்சு பிச்சையின் கையில் நிற்க மாட்டேன் என்றது. ஒரு துள்ளு துள்ளி, பாடை மூங்கிலுக்கு அடியில் புகுந்து, பறையடிப்பவர்களின் கால்களுக்கு நடுவே ஓடியது. சாவு வீடு என்றும் பாராமல் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"சிரிக்கிறீங்களே, புடிங்கப்பா அத! சனிப் பொணம் தனியாப் போவாதுன்னு சும்மாவா சொன்னாங்க? இத கட்டி அனுப்பலேன்னா நம்ம வீட்டுலேருந்துல்ல ஒண்ணக் கூட்டிக்கிட்டுப் போவும்!"

பிச்சை செத்துப்போன மருதையின் தம்பி. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்து அவர் மூஞ்சி கோணிக்கொண்டிருந்தது.

மருதையின் மகள் வேணி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நேற்று, சனிக்கிழமை காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்தவர் நிமிரவேயில்லை. மஸ்கட்டிலிருந்து அவள் தம்பி ரங்கநாதன் வந்து சேரட்டும் என்று அதிலிருந்து ஐஸ் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லிடுங்க சித்தப்பா, ரங்கன் மூஞ்சியப் பாக்காம எடுக்கக் கூடாது" என்று சென்னையிலிருந்து பஸ் ஏறும்போதே போனில் சொன்னவளும் வேணிதான்.

கோழிக்குஞ்சு கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன. அவள் மனசு நாளைக்கு விடியப்போகிற திங்கட்கிழமையிலேயே நின்றது. அப்பா போனது போயிற்று, அவர் சேர்த்து வைத்ததாவது நாளை உரிய கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மருதை கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளராக இருந்தவர். "பாட்டில் கழுவுற வேலை" என்பார்கள் சொந்தக்காரர்கள். பொய்யில்லை, கழுவினார்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, மாதம் ஒரு நாள், கொள்ளிடத்தில் ஒரே இடத்தில், கெளுத்தி மீன் பிடித்து ஈரலைக் குப்பியில் போட்டு உறைய வைக்கச் சொன்னார். நாள் மறந்துவிடக் கூடாதே என்று மருதை அமாவாசையைப் பிடித்துக்கொண்டார். இரண்டே வருஷத்தில் ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றது. பேராசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மருதையிடம் நிறுத்தச் சொல்ல மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள். யாரும் சொல்லவில்லை, ஆகவே அவர் நிறுத்தவில்லை. அப்படி ஒரு மனுஷன்.

துறையில் இடமில்லை என்று குப்பிகளை வெளியே எடுத்து வைத்த அன்றே, அரியமங்கலத்தில் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றைப் பிடித்து, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டார்.

அம்மா இருளாயி ஆடின ஆட்டம் வேணிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அமாவாசையும் அதுவுமா, வெரதம் இருக்குற வீட்டுக்குள்ள கவுச்சியக் கொண்டாந்து வைக்கிறீங்களே, இது அடுக்குமா?" என்று பெட்டியின் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். ஆனால் கத்தினவள்தான் அதற்குக் காவலும் இருந்தாள். பெரிய மெஷின் தாங்குகிற பிளக் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பெட்டிக்கு விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் மாவு அரைத்தாள். ரங்கன் ஏசி வாங்கித் தருகிறேன் என்றபோது, "எனக்கு விசிறி போதும், பெட்டிக்குத்தான் காத்து வேணும்" என்றாள். கரண்டு போய் நேரமானால் ஐஸ் கட்டி வாங்க அவளே ஆட்டோ பிடித்து ஓடினாள்.

"ஆத்துல எது கலந்தாலும் மொதல்ல கெளுத்தியோட ஈரல்லதான் எழுதியிருக்கும் பாப்பா. ஆனா உருகுச்சுன்னா எழுத்து அழிஞ்சிரும். அப்புறம் அது வெறும் மீன் கொடலு" என்று அப்பா சொல்வார்.

அதைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடி மூன்று வருஷம் வேணி கடிதம் எழுதினாள். பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து லூர்துராணி என்ற விஞ்ஞானி கடைசியில் பதில் போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா போனில் சிரித்தார். "திங்கக்கெழம குளிர் வண்டியோட வராங்களாம். சட்டைய அயர்னுக்குக் குடுத்துருக்கேன்." அந்தச் சட்டையைத்தான் இப்போது அவருக்குப் போட்டிருந்தார்கள்.

இன்று காலை வேணி லூர்துராணியைக் கூப்பிட்டாள். "அப்பா இல்லைன்னாலும் வந்துருங்க மேடம்."

"கண்டிப்பா வரேம்மா. இத்தன வருஷம் விடாம ஒரே எடத்துல எடுத்தத நான் பாத்ததே இல்ல. கட்டுரையில அவர் பேருதான் முன்னால வரும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையிலிருந்து நிற்கிறாள்.

குஞ்சு அகப்பட்டது. பாடையில் கட்டினார்கள். ரங்கன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, ஆண்கள் கொள்ளிடக் கரைக்குப் போனார்கள். தெருமுனை வரைக்கும் பறைச்சத்தத்துக்கு மேலே குஞ்சின் கத்தல் கேட்டுக்கொண்டிருந்தது. வேணி உள்ளே வந்தாள். அம்மாவைக் குளிக்க வைக்கப் பெண்கள் கொல்லைப்பக்கம் அழைத்துப் போயிருந்தார்கள். கூடத்தில் காலியாகிவிட்ட ஐஸ் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை வாடகைக்கு விட்ட இம்தியாஸ் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான்.

"எடுத்துக்கட்டுங்களாக்கா?"

"எடுத்துக்குங்க தம்பி."

சுவிட்சைத் தட்டினான். கூடம் ஊமையாகிவிட்டது.

வேணி நிமிர்ந்து பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டு இருக்கிறது. கரண்டு இருக்கும்போது இந்தக் கூடம் இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. நேற்று மத்தியானம் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் அப்பாவின் மீன் பெட்டியில்தான் சாய்ந்திருந்தாள். அதன் மேல் எப்போதும் போல பூப்போட்ட போர்வை. போர்வைக்கு மேல் யார் யாரோ வைத்த மாலைகள், காபி பிளாஸ்க், டம்ளர்கள். காதில் விழுந்த உர்ர் என்ற சத்தம் பிறந்த வீட்டுச் சத்தம் என்றே நினைத்திருந்தாள். தரையில் ஓடிய தண்ணீரை, பிணப் பெட்டி ஒழுகுகிறது என்று அவளே இரண்டு தடவை துடைத்தும் இருந்தாள்.

இம்தியாஸ் வயரைச் சுருட்டி, ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனான். சுவரோரம் இன்னொரு பிளக் கிடந்தது. ஈரம் படாமல் பால் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு கொட்டாங்கச்சிக்குள் வைத்திருந்தது. இவ்வளவு பத்திரமாக அம்மாவைத் தவிர யார் வைப்பார்கள்?

மாலைகளைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினாள். நாற்றம் மூஞ்சியில் அறைந்தது. அரைப்பெட்டித் தண்ணீரில் குப்பிகள் மிதந்தன. சீட்டுகள் பாதி உரிந்து, அப்பாவின் கையெழுத்தில் தையும் ஆடியும் புரட்டாசியும் கரைந்து நீலமாக ஊறிக்கொண்டிருந்தன. ஒரு குப்பியை எடுத்து ஆட்டினாள். கொழகொழவென்று ஆடியது.

ஐஸ் பெட்டி வந்தது நேற்றுப் பதினொரு மணிக்கு. இப்போது நாலு. பங்குனி வெயில்.

இந்த ஒற்றை பிளக்கோடுதான் அவள் வளர்ந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் பெட்டி என்று வாய் சொன்னபோது அது நினைவுக்கு வரவில்லையே! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நினைத்திருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்திருக்கலாம். ஐஸ் கட்டி கொட்டியிருக்கலாம். பாவி, நானே கொன்றேனே! அப்பாவுக்காகக்கூட அவள் இப்படிப் பதறவில்லை.

"ஏன்டி தெறந்த? மூடு, மூடு, குளுரு போயிரும்!"

தலையில் ஈரம் சொட்ட அம்மா கொல்லைக் கதவைப் பிடித்து நின்றாள். வேணி மூடியைப் போட்டாள்.

"நீ ஐஸ் பெட்டின்னு சொன்னியாம். சொருக எடமில்லன்னு அந்தத் தம்பி முழிச்சுச்சு. நாந்தான் இதப் புடுங்கிக் குடுத்தேன். வேற யாராச்சும் கைய வெச்சா வயரக் கியரப் பிச்சுருவாங்க." அம்மா மூச்சு வாங்கினாள். "மூடியத் தெறக்காம இருந்தா ஒண்ணும் ஆவாதும்பாரு ஒங்கப்பா. அன்னிக்குப் புயல்ல ராவெல்லாம் கரண்டு இல்ல, தாங்கிருச்சுல்ல? ஒருத்தரையும் மூடியத் தொட விடல நான். அதுக்குத்தான் மாலையெல்லாம் மேல அடுக்கி வெச்சேன்."

வேணி சரிந்த மாலைகளை எடுத்து மறுபடியும் மூடி மேல் வைத்தாள்.

"நல்லாத்தானடி இருக்கு?"

பதினேழு வருஷம் காவல் காத்த முகம் பதிலுக்குக் காத்திருந்தது. நேற்றிலிருந்து அழுது அழுது இமை இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"நல்லாத்தாம்மா இருக்கு."

அம்மா குனிந்து ரப்பர் பேண்டை எடுத்தாள், பால் கவரைப் பிரித்தாள், பிளக்கை முந்தானையில் துடைத்துச் செருகினாள். பெட்டி ஒரு தடவை உலுக்கிவிட்டு உர்ர் என்று ஓடத் தொடங்கியது. அம்மா இரண்டு கையாலும் அதைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அப்பாடா! சனிப் பொணம், சனிப் பொணம்னு பிச்சை என் ஈரக்கொலையக் கலக்கிட்டாரு. நல்லவேள, ஒரு கோழிக்குஞ்சோட போச்சு."

பெட்டியில் முதுகைச் சாய்த்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அவங்க வந்தா நாந்தான் எடுத்துக் குடுப்பேன். தீட்டு அது இதுன்னு யாரும் தடுக்கக் கூடாது, சொல்லிட்டேன். அவரு கையால குடுத்திருக்க வேண்டியது."

"நீயே குடும்மா."

வேணியின் போன் மினுங்கியது. லூர்துராணி. வண்டி பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதாம், ராத்திரி வழியில் தங்கிவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்குமாம். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பெட்டிக்கு அடியிலிருந்து நீலம் கலந்த தண்ணீர் மெல்ல வழிந்து அம்மாவின் புடவையை நோக்கி வந்தது. வேணி சத்தமில்லாமல் மண்டியிட்டு, துணியைப் போட்டு அதை நிறுத்தினாள்.