குருசாமி சிரித்த படம்

"ஆடு களவாண்டு மாட்டிக்கிட்டவுக மாதிரி இருக்காகக்கா."

"ஆரு?"

"எங்க வீட்டுக்காரகதான். நீங்களே பாருங்க."

மூக்கம்மாள் நீட்டிய போனைப் பழனாத்தாள் வாங்கிப் பார்த்தாள். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, கண் இரண்டும் முறைத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் பலகையில் இருக்க வேண்டிய முகம். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கும் கொழுந்தன் பாண்டித்துரை செய்த வேலை அது.

"அட சாமி, இதென்ன குருசாமியா! கம்பெனியில ஒரு நா இப்புடி மூஞ்சிய வெச்சிருப்பாரா அந்த மனுசன்?"

"அதத்தான் சொல்லுதேன். நாளைக்கு மொதத் தீவாளி. துட்டி கேக்க ஊரே வரும். இந்த மூஞ்சிக்கு முன்னால உக்காந்து நான் அழணுமா? எனக்கு அழுகையே வராதுக்கா."

ஆடி மாதம் குருசாமி போய்ச் சேர்ந்தான். இறந்த வருடத்தின் முதல் பண்டிகைக்கு உறவெல்லாம் வந்து படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவது மூக்கம்மாள் ஊர் வழக்கம். நல்ல படம் ஒன்று கையில் இல்லை என்றுதான் அந்த ஆதார் படம். ஆனால் இன்று காலையில், முன்பு குருசாமியும் இவர்கள் இருவரும் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் மேனேஜர் வெள்ளியங்கிரி, பழைய ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை போனில் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் மூக்கம்மாள் பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அருள்புரத்தில் ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடந்தது. தீபாவளிக்குத் திருப்பூரில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். கடைப் பையன்களும் அந்தப் பாதியில்தான் இருப்பார்கள்.

"சாயங்காலம் பஸ்ஸு. விடியத்தான் போய் எறங்குவேன். அங்க நாளைக்கு எந்தக் கடை தெறந்திருக்கும்? உங்க வீட்டுல பிரிண்டர் இருக்குன்னு நெனப்பு வந்துச்சு."

"இருக்குது, இருக்குது. என்ற பையன் வாங்குனது. போன்லருந்தே அடிக்கலாம். உக்காரு, காப்பித்தண்ணி வெக்கறேன்."

"காப்பி கெடக்கட்டும்க்கா. மொதல்ல படம்."

பழனாத்தாள் அந்தப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிப் பெரிதாக்கினாள். வாயைத் திறந்தவள் மூடவில்லை.

காதர்பேட்டைச் சந்தில் இருந்த பழைய கம்பெனி. ஆயுத பூசை நாள். மிஷின்களுக்கெல்லாம் பொட்டு. கட்டிங் டேபிளுக்கு முன்னால் கட்டிங் மாஸ்டர் குருசாமி, கத்தரியைத் தோளில் சாத்திக்கொண்டு, கண் மூடுகிற அளவுக்குச் சிரிக்கிறான். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு மூக்கம்மாள். அவள் வலது கை அவன் நெற்றியில் இருக்கிறது.

"ஏம்புள்ள, உனக்கு ஞாபகம் இருக்குதா? வரிசையா ஓவர்லாக் மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு வந்த."

"ஆமா. கட்டிங் டேபிளுக்கு வரயில இவுக நெத்தியக் காட்டிக்கிட்டு நிக்காக. 'எல்லா மிஷினுக்கும் வச்சாச்சு, இது ஒண்ணு விட்டுப்போச்சே'ன்னு வச்சுட்டேன்."

"நீயி சொன்னதுக்குச் சிரிக்கல அவரு. 'வையி வையி, சத்தம் போடாம ஓடற மிஷினு அது ஒண்ணுதான்'னு நானு பின்னால இருந்து சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாரு."

"நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல."

"உனக்கெங்க கேக்கும்? உனக்கு அன்னைக்கு ஊட்டுக்காரரத் தவர ஆரு கண்ணுக்குத் தெரிஞ்சா?"

"போங்கக்கா!"

"பொரியும் சுண்டலும் குடுத்தாங்களே, முதலாளியம்மா கையால. அந்தச் சுண்டல் உப்பு இன்னும் நாக்குல இருக்குது. மத்தியானமே மிஷின நிறுத்திட்டு ரேடியோவச் சத்தமா வெச்சுக்கிட்டு... அன்னைக்கு ஒரு நாளுதான் அந்தச் சந்துல பாட்டு காதுல உழும்."

"மத்த நாளு மிஷினுச் சத்தத்துல கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை இப்பிடி ஆகிப்போச்சு. ஊருல கேக்காக, 'ஏன்டி சண்டை போடுற மாதிரியே பேசுத'ன்னு."

சிரித்துக்கொண்டே பழனாத்தாள் போனில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். மேசை மேல் வெள்ளைப் பெட்டி சும்மா கிடந்தது.

"என்னக்கா, வரலியே?"

"காத்திருக்குன்னு போடுது. கெடக்கட்டும், இன்னொருக்கா அழுத்தறேன்."

அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். பெட்டி அசையவில்லை.

"படம் பெருசா இருக்குதோ என்னமோ. வெறும் மூஞ்சிய மட்டும் வெட்டி அனுப்பறேன்."

"அதாங்க்கா வேணும். என்னைய எடுத்துருங்க. உசுரோட இருக்கறவ மாலை போடுற படத்துல இருக்கக் கூடாது. பாதிக் கை இருந்தாக்கூட எங்க மாமியா சும்மா இருக்காது. 'நீயும் போறதுக்கு நாள் பாத்துக்கிட்டிருக்கியா'ன்னு கேக்கும்."

பழனாத்தாள் விரலால் ஓரங்களைத் தள்ளி, குருசாமியின் கண்ணிலிருந்து தாடை வரைக்கும் வெட்டி எடுத்தாள். கையை விலக்கியதில் நெற்றியும் போய்விட்டது. அதையும் அனுப்பினாள். பெட்டி அதற்கும் அசையவில்லை.

"பையனத்தான் கூப்புடோணும். மருமக வர்ஷினி ஊட்டுல தலைத் தீவாளி, பலகாரத்துக்கு நடுவுல இருப்பான்."

தரணீதரன் ஸ்பீக்கரில் வந்தான். பின்னால் பத்துப் பேர் பேசும் சத்தம்.

"என்னுங்ம்மா?"

"கண்ணு, இந்தப் பிரிண்டரு ஓடமாட்டீங்குது."

"போன மாசம் வைஃபை மாத்துனமல்லங்ம்மா? பிரிண்டரு இன்னும் பழைய வைஃபையத் தேடிட்டு இருக்கும். அது கிட்டப் புதுசச் சொல்லோணும்."

"எப்புடிச் சொல்றது? காதுல சொல்றதா?"

"இல்லீங்ம்மா. பிரிண்டர் மேல வைஃபை பட்டன் ஒண்ணு இருக்கும். லைட்டு விட்டு விட்டு எரியற வரைக்கும் அத அழுத்திப் புடிங்க. அப்புறம் சுவத்துல இருக்கற மோடத்துக்குப் பின்னால ஒரு பட்டன் இருக்கும், அதையும் ஒருக்கா அழுத்துங்க. ரெண்டும் பேசிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்ம்மா. ஆனா இங்க் அடிமட்டத்துல கெடக்குது. ஒண்ணு, ரெண்டுதான் நல்லா வரும். பாத்து அடிங்க. வர்ஷினி கூப்புடறா, வெச்சரட்டுங்களா?"

வைத்துவிட்டான். இருவரும் பிரிண்டருக்குப் பக்கத்துக்கு ஒருவராக நின்றார்கள்.

"பட்டன் எங்கக்கா?"

"இது கரண்டு பட்டன். இது பேப்பர் பட்டன். இந்தப் பக்கம் ஒண்ணுங் காணோம்."

"அடியில இருக்குமோ?"

இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பின்னால் பார்த்தார்கள். மூடியைத் திறந்து கண்ணாடிக்குள் பார்த்தார்கள். மூக்கம்மாள் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள்.

"நேரம் போகுதுக்கா. விட்டுருவோமா?"

"சும்மா இரு. பட்டன் இல்லாம மிஷினு விப்பாங்களா?"

"உங்க பையன் வேற பிரிண்டரச் சொல்லுதானோ?"

"ஊட்டுல இருக்கறது இது ஒண்ணுதானே!" என்றவள் நிறுத்தினாள். பிரிண்டரின் மேல்பக்கத்தில், வலது ஓரத்தில், காய்ந்துபோய் விரிசல் விட்ட சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்குக் கம்பெனி வழக்கப்படி அவளே வைத்தது. மிஷினில் மேடாக எது தெரிந்ததோ அதையே நெற்றி என்று நினைத்து, அப்பி வைத்திருந்தாள்.

"அட, என்ற புத்தியே! பட்டன் மேலயே பொட்ட வெச்சிருக்கறேன் பாரு. லைட்டும் அதுக்குள்ளயே இருக்குது போல. பொட்டத் தொடச்சு உடு புள்ள, சீக்கிரம்."

மூக்கம்மாள் கையை நீட்டவில்லை. நீட்டப்போன கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

தான் சொன்னது என்ன என்று பழனாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூக்கம்மா..."

"நீங்க வேணும்னா சொன்னீக? இருக்கட்டும்க்கா. ஆடியில பொட்டழிக்கயில சுத்தி அம்புட்டுப் பொம்பளைக நின்னாக. ஒருத்தி தண்ணியத் தொட்டா, ஒருத்தி தொடச்சா. அந்த ஈரம் இன்னும் நெத்தியில இருக்க மாதிரியே இருக்கு. மிஷினா இருந்தாலும் நான் அழிக்க மாட்டேன்."

"நீ அழிக்க வேண்டாம். வெச்சவ நானு, நானே எடுக்கறேன்."

பழனாத்தாள் பனியன் வேஸ்ட் துணி ஒன்றை நனைத்து வந்து மெதுவாக ஒற்றினாள். சந்தனம் ஊறிக் கரைந்தது. அடியில் வைஃபைக் குறி போட்ட சின்னப் பட்டன் தெரிந்தது. துடைத்து முடித்ததும் உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"மிஷினு வெறும் நெத்தியோட நிக்கக் கூடாது. இக்கட்டால, இந்தப் பக்கமா ஓரத்துல ஒண்ணு வையி."

"நானா? நான் வைக்கலாமாக்கா?"

"ஒரு லைன் மிஷினுக்கே வெச்ச கை அது."

"அப்ப வேற, இப்ப வேற. நீங்களே வைங்க."

பழனாத்தாள் வற்புறுத்தவில்லை. ஓரமாக ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தாள். நீல விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது.

"சிமிட்டுதுக்கா, சிமிட்டுது!"

"நீ போயி மோடத்துப் பட்டன அழுத்து! பின்னால, பின்னால!"

மூக்கம்மாள் நாற்காலி போட்டு ஏறி அழுத்தினாள். சிமிட்டிய விளக்கு நின்று எரிந்தது. பழனாத்தாள் போனைக் கையில் எடுப்பதற்குள் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளை உள்ளே இழுத்தது.

"நான் இன்னும் அழுத்தவே இல்லியே!"

முதல் தாள் வந்தது. வெட்டாத முழுப் படம், குறுக்கே வெள்ளைக் கோடு கோடாக. அது வந்து விழுவதற்குள் அடுத்த தாள் உள்ளே போனது.

"அக்கா, முன்ன அழுத்துனதெல்லாம் வருதுக்கா!"

"அடப் பாவி, அத்தனையும் சேத்து வெச்சிருந்துச்சா! இங்க் போயிருமே! நிறுத்து, நிறுத்து, வயரப் புடுங்கு!"

"புடுங்காதீக! நடுவுல கிழிஞ்சிரும்!"

இரண்டாவது தாள் மெதுவாக வெளியே வந்தது. முதலில் கம்பெனியின் மின்விசிறி, பிறகு மஞ்சள் சுவர், பிறகு நெற்றி, நெற்றியில் ஒரு கை, கண்ணாடி வளையல், கண்ணை மூடிய சிரிப்பு. கோடு இல்லை. நிறம் அத்தனையும் இருந்தது. மூக்கம்மாள் ஈரம் காயுமுன் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள்.

மூன்றாவதில் சிவப்பு இல்லை. குங்குமமெல்லாம் சாம்பலாக இருந்தது. கடைசியாக வந்தது அவள் கேட்ட முகம் மட்டும் உள்ள படம். பச்சைத் தண்ணீருக்குள் கிடப்பது போல, பாதி வெளுத்து வந்தது. பிரிண்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் மூக்கம்மாள்.

"முடிஞ்சுது. நாந்தான் கெடுத்தேன். பொறுமையில்லாம அழுத்தி அழுத்தி, வேணுங்கறதக் கடைசியில தள்ளிட்டேன்." பழனாத்தாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "இனி அந்த ஆதார் மூஞ்சிதான் உனக்கு."

மூக்கம்மாள் பச்சை முகத்தையும் நல்ல படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கத்தரி இருக்காக்கா?"

"இருக்குது. வெட்டப் போறியா? கைய எடுத்தா நெத்தியும் போயிருமே."

"தாங்க."

குருசாமியிடம் கட்டிங் கற்றுக்கொள்ளாத கை அது. தைக்க மட்டும் தெரிந்த கை. இருந்தாலும் நேராக வெட்டினாள். முதலில் தன் முகத்தை வெட்டினாள். அடுத்து தோள், முந்தானை, சந்தனக் கிண்ணம். வளையலுக்கு வந்ததும் கத்தரி நின்றது. அங்கிருந்து திரும்பி மேலே போய்விட்டது. தாளில் குருசாமி மிச்சம் இருந்தான், நெற்றியில் பொட்டு வைக்கும் அந்தக் கையோடு.

"மூக்கம்மா, கை இருக்குது."

"இருக்கட்டும்."

"உன்ற மாமியா?"

"கேக்கட்டும். அந்தக் கை இல்லன்னா அவுக எதுக்குச் சிரிக்காகன்னு யாருக்குத் தெரியும்?"

"நானு சொன்னதுக்குத்தான் சிரிச்சாரு."

"உங்க வாய் படத்துல இல்ல. என் கைதான் இருக்கு."

பழனாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பனியன் பெட்டியின் அட்டையைக் கிழித்து நடுவில் படத்தை வைத்து, நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். மூக்கம்மாள் அதைப் பைக்குள் வைக்கவில்லை. மாரோடு அணைத்துக்கொண்டு பையை மட்டும் தோளில் மாட்டினாள்.

"பஸ்ஸுல ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காரு. கூட்டத்துல மடிஞ்சரப் போவுது."

"மடியாது. அந்தப் படத்துக் கண்ணாடியக் கழட்டத்தான் பாண்டித்துரை மொகம் சுளிப்பான்."

"சுளிச்சா எனக்குப் போனப் போடு. நாம் பேசிக்கறேன்."

"நீங்க பேசுனா ஊரே காதப் பொத்தும்க்கா. நம்ம ரெண்டு பேருக்கும் மிஷினுத் தொண்டை."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள் மூக்கம்மாள். தெருமுனை திரும்பும்வரை பழனாத்தாள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கோடு விழுந்த படத்தையும் சாம்பல் படத்தையும் எடுத்து, எதைத் தனக்கு வைத்துக்கொள்வது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.