சென்னை மேட்ச் அன்றைக்கு

டம்மென்று ஒரே ஓர் அடி. அடுத்த அடி விழுவதற்குள் ரோஹனின் உள்ளங்கை டிரம்மின் தோலை அழுத்திப் பிடித்துவிட்டது.

"அக்கா, இவத்து பேடா."

இன்றைக்கு வேண்டாமாம். ரசிகர் மன்றத் தலைவன் ரோஹன் எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவான்.

வித்யாலட்சுமி குச்சியைக் கீழே வைக்கவில்லை. பெங்களூரு கால்பந்து அணியின் மேற்கு ஸ்டாண்டில் மூன்று சீசனாக டிரம் அடிப்பவள் அவள். ஆபீசில் அவள் குரல் அடுத்த மேஜைக்குக் கேட்காது. இங்கே அவள் கை உயர்ந்தால் ஸ்டாண்டே எழுந்து நிற்கும்.

ரோஹன் தரையைப் பார்த்தபடியே காரணம் சொன்னான். ஆட்டம் சென்னையோடு. தமிழ்ப் பெண் முன்னால் நின்று அடிப்பது சரியில்லை என்று பையன்கள் புகார் செய்கிறார்களாம். ஒரு மேட்ச்தானே என்றான்.

"மூணு வருஷமா அடிச்சப்போ நான் என்ன ஜப்பான்காரியா?" கோபத்தில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது.

ரோஹன் புரியாதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரம்மைத் தூக்கிப் போனான்.

செல்போன் ஒலித்தது. சென்னை ரசிகர்கள் பக்கத்திலிருந்து, போன வருஷம் ஆபீசில் சேர்ந்த தாம்பரத்துக் கவின்.

"பார்த்துட்டுதான் இருந்தேன், வித்யா. அவங்களுக்குப் போய் ஏன் கத்துறீங்க? இங்க வந்துடுங்க. இதுதான் உங்க டீம்."

"சென்னைக்கு ரெண்டு தடவை போயிருக்கேன், கவின். ரெண்டும் கல்யாணத்துக்கு. சாப்பாடு நல்லா இருந்துச்சு. அவ்ளோதான்."

"அப்ப தமிழ்?"

"அது வீட்ல பேசுறது. அதுக்கு யாரும் எனக்கு டீம் பார்த்துத் தர வேணாம்." போனை வைத்தாள்.

இடைவேளைக்கு முன்னால் சென்னை கோல் போட்டது. எதிர்மூலை அதிர்ந்தது. மேற்கு ஸ்டாண்டில் யாரோ ஒருவன் டிரம்மைத் தட்டினான். சமையல்கட்டில் அண்டா உருண்ட மாதிரி இருந்தது. ஒருவரும் எழவில்லை.

வித்யா காலி நாற்காலி ஒன்றின் முன் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் பிளாஸ்டிக் முதுகை அடித்தாள். பிறகு நிமிர்ந்து, தொண்டை கிழியத் தமிழிலேயே கத்தினாள்.

"பெங்களூரு யாரு ஊரு?"

தலைகள் திரும்பின. கை எரிந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி கேட்டாள்.

"நம்ம ஊரு!" என்று கீழ்வரிசையில் ஒரு நீலச் சட்டைக்காரர் எழுந்தார். அடுத்த கேள்விக்கு வரிசை முழுக்க எழுந்தது. அதற்கடுத்ததற்கு எதிர்மூலைச் சத்தம் காதில் விழவில்லை. பெங்களூரு இன்னும் ஒரு கோல் பின்னால்தான். ஸ்டாண்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

காலருகே ஏதோ இடித்தது. டிரம். குச்சிகளை நீட்டிக்கொண்டு ரோஹன் நின்றான்.

"பையன்கள் ஒத்துக்கிட்டாங்களா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

ரோஹன் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு குனிந்து, சுத்தமான தமிழில் சொன்னான்.

"யாரும் புகார் பண்ணலக்கா. எங்கம்மா வேலூர்க்காரங்க; இன்னிக்கு உங்களை எந்த ஊருன்னு கேட்டா, நாளைக்கு என்னைக் கேப்பாங்கன்னு நான்தான் பயந்துட்டேன்."