கிழங்கும் ஸ்கேனும்

என் மனைவி லீமாவுக்குக் கருப்பை வாயில் புற்று. வெளியிலிருந்து கொடுத்த கதிர் முடிந்து, உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் கதிரில் இது மூன்றாவது முறை. குழாய் வைத்ததும் ஸ்கேன் எடுப்பார்கள். நோய் எங்கே, குடல் எங்கே என்று படத்தில் பார்த்த பிறகுதான் கதிர். அதற்காக முந்தின நாள் கஞ்சி மட்டும் என்று டாக்டர் ஜினிஷா என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குளச்சலில் படகு எஞ்சின் பிரித்து மாட்டுகிறவன் நான். சொன்னது புரியாதவன் இல்லை.

ஆனால் முந்தின நாள் அவள், "கொஞ்சம் மரச்சீனிக் கெழங்கும் நெத்தோலிக் குழம்பும் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். மூன்று மாதமாக எதையும் கேட்காதவள். என் புத்தி மேயப் போய்விட்டது. மரவள்ளியை அவித்து, மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தேன்.

காலையில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"ஞானதாசன் அண்ணே, குடல் காத்தடைச்சு உப்பி, குழாய்ப் பக்கம் ஒட்டிக் கிடக்கு. இப்படியே கதிர் குடுத்தா குடல் புண்ணாயிரும். நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சிதான்" என்றேன், கூசாமல்.

"உங்களுக்குத் தெரியாமக் கெழங்கு எடுத்துத் தின்னேன்னு அவங்க சொல்றாங்களே."

குழாய் வைக்க முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தபடி என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"காத்த எடுத்துட்டு, ஒரு மணிநேரத்துல மறுபடி ஸ்கேன் பாக்கலாம். குடல் விலகலேன்னா இன்னைக்குக் கதிர் கிடையாது. இன்னொரு நாள் முதல்லருந்து குழாய் வைக்கணும்."

குழாய் வைத்த நாட்களில் அவள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அந்த ஒரு மணிநேரமும் அவள் அசையாமல் கிடந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த மாதாவையெல்லாம் கூப்பிட்டேன்.

இரண்டாவது படத்தில் குடல் விலகியிருந்தது. கதிர் கொடுத்தார்கள்.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டேன். "ஏட்டி, அவ்வளவு பசின்னா முன்னமே சொல்லப்பிடாதா?"

"எனக்குப் பசிச்சுதுன்னு யாரு சொன்னா? மூணு மாசமா நீங்களும் எங்கூடக் கஞ்சியத்தானே குடிக்கிய. எலும்பும் தோலுமா ஆயாச்சு. நான் கேட்டா, அவிச்சு நீங்களும் ரெண்டு துண்டு தின்னுவியன்னுதான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அடுக்களையில இருந்து நல்லாத் தின்னியல்லா?"

அடுக்களையில் உட்கார்ந்து நான் குடித்தது கஞ்சிதான். அவித்த கிழங்கு முழுவதையும் அவள் தட்டில் வைத்திருந்தேன்.

"வயிறு முட்டத் தின்னேன்" என்றேன்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.