முதல் பதினைந்து நிமிடம்

அந்த இரட்டைத் திரையரங்கில் டிக்கெட் கொடுப்பவளை எல்லாரும் டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கவுன்டர் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத் துளை. அதன் வழியாக டிக்கெட் போனதைவிட யோசனை போனதுதான் அதிகம். "அக்கா, எட்டு வயசுப் பையன், கூட்டிட்டு வரலாமா?" என்று ஒருவர் குனிந்து கேட்பார். பின்னால் வரிசை நெளியும். அவள் அவசரப்படமாட்டாள். "நாய்க்குட்டி செத்தா அழுவானா? இதுல நாய் சாகுது, இப்பவே சொல்லிட்டேன்" என்பாள். நாய்க்காகத் திரும்பிப்போன குடும்பங்கள் உண்டு. மேலாளருக்கு அது வயிற்றெரிச்சல். "வர்ற கூட்டத்தை வாசல்லயே வழியனுப்புறியேம்மா" என்று புலம்புவார். ஆனால் திரும்பிப்போனவர்கள் அடுத்த வாரம் வேறு படத்துக்குப் பிள்ளைகளோடு வந்து நின்றதையும் அவர் பார்த்திருந்ததால், புலம்பலோடு நிறுத்திக்கொள்வார்.

அவளை ஏன் நம்பினார்கள் என்று கேட்டால், வேறு யாரை நம்புவது? தணிக்கைச் சான்றிதழில் "பெற்றோர் துணையோடு பார்க்கலாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த இடத்தில் துணை, எதற்குத் துணை என்று எவன் சொல்கிறான்? டிக்கெட் அக்கா சொன்னாள். படம் வந்த அன்றே, தாமதமாக வருகிறவர்களுக்கும் டிக்கெட் கொடுத்து முடித்து, கவுன்டரை மூடிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்துவிடுவாள். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை 'எஞ்சிய நகரம்' வந்தது. உலகமே பாழாகிப்போய், மிச்சமிருக்கும் ஒரே நகரத்தை ஒரு முகமூடிப் படை ஆட்டிப்படைப்பதாகக் கதை. டிக்கெட் அக்கா வழக்கம்போலப் பார்த்தாள். துரத்தல், வெடி, இரும்புக் கம்பியால் அடி. முகமூடிக்காரர்கள் பஞ்சுப் பொம்மை மாதிரிப் பறந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

ஞாயிறு மதியம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகளோடு வந்தார். "ஏழு வயசுக்கா இவளுக்கு. மாமா பசங்க பாத்துட்டு வந்து பீத்திக்கிறாங்க. இவ என்னை விடமாட்டேங்கிறா. பாக்கலாமா?"

"சும்மா அடிதடிதான், ரத்தமே இல்ல. தாராளமாப் பாக்கலாம்" என்றாள் அக்கா.

தாராளமாக! அந்த ஒரு வார்த்தைக்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று அவள் பிறகு தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

புதன்கிழமை அவர் தனியாக வந்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. துளைக்கு நேராகக் குனிந்து மெதுவாகத்தான் பேசினார்.

"பத்தாவது நிமிஷமே பொண்ணைத் தூக்கிக்கிட்டு பக்கத்துக் கதவு வழியா ஓடினேன். வீட்டுக்கு ஒரு பிள்ளைதான்னு அந்த ஊர்ல சட்டமாம். படை வீட்டுக்குள்ள வருது. ரெண்டு பிள்ளைல எது வேண்டாம்னு அம்மாக்காரி விரலை நீட்டிக் காட்டணும். காட்டுறா. அந்தப் பிள்ளையை வெளிய இழுத்துட்டுப் போறாங்க. கதவு மூடுது. வெளிய ஒரு துப்பாக்கிச் சத்தம். ரத்தம் இல்லதான், நீங்க சொன்ன மாதிரியே." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க வீட்ல தம்பிப் பாப்பா பொறந்து ரெண்டு மாசம் ஆகுது. மூணு நாளா என் பொண்ணு ஒரே கேள்விதான் கேக்குறா. 'அப்பா, நீங்க யாரைக் காட்டுவீங்க?'ன்னு."

அவர் சொன்ன காட்சியை டிக்கெட் அக்கா பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பாள்? காட்சி தொடங்கிப் பதினைந்து நிமிடம் வரை கவுன்டர் திறந்திருக்க வேண்டும் என்பது அந்தத் திரையரங்கின் விதி. ஆக, பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு படத்தின் தொடக்கத்தையும் பார்த்ததில்லை! அது ஒரு குறையாகவும் இதுவரை தெரிந்ததில்லை. பெயர் போடுவான், ஒரு பாட்டு வரும், அதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் பாதி வழியில் இருந்துதான் பாதையையே பார்த்திருக்கிறாள்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இதற்காகவே காத்திருந்தவர்போல வாயைத் திறந்தார். "இனிமே அந்த ஓட்டை வழியா டிக்கெட் மட்டும்தான் வரணும். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட ஷோ, ஞாபகம் இருக்கட்டும். இதே படம். முன்னூத்தி இருபது பிள்ளைங்க. அதுல மூக்கை நுழைச்சே, வேற வேலை பாத்துக்கோ."

மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை முன்னூற்று இருபது பிள்ளைகள். பெற்றோர் சங்கம் மொத்தமாகச் சொல்லிவைத்திருந்தது. உடன் வருவது எட்டே எட்டு ஆசிரியர்கள். அந்த விரல் நீளும்போது பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளைக்கும் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ இருக்கப்போவதில்லை.

அன்று வீட்டில் கணவர் கூடத்து மேசையில் யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஏழாம் வகுப்பு மகள் வீட்டுப்பாடம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஷோவுக்கு அவளும் போகிறாள்.

"விடு, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் கணவர், ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடி.

"யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி. நான் சறுக்கி ஒரு குழந்தை மேல விழுந்திருக்கேன்."

"இப்ப என்ன பண்ணப் போற?"

"முதல்ல படத்தைப் பாக்கப் போறேன். முழுசா."

வியாழக்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். எடுத்த கையோடு அதே திரையரங்குக்குப் போய் வரிசையில் நின்றாள். உள்ளே அவளுடைய நாற்காலியில் மேலாளர் உட்கார்ந்து, ஒரு குடும்பத்தை நான்கு மூலைக்கு நான்கு பேராகப் பிரித்து டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார். "சார், எஃப் வரிசை மொத்தமும் காலியாத்தான் இருக்கும், அங்க போடுங்க" என்று அவள் வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். அவர் முறைத்துக்கொண்டே போட்டார்.

நடு வரிசையில் உட்கார்ந்தாள். விளக்கு அணைவதை முதன்முதலாக உள்ளேயிருந்து பார்த்தாள். அந்த விரல் நீண்டபோது, ஒற்றைப் பிள்ளைக்காரிதான், ஆனாலும் மகளின் முகம்தான் கண்முன் வந்தது. கதவு மூடியது. சத்தம் கேட்டது. பக்கத்து இருக்கைத் தடியன் ஒருவன் பாப்கார்னை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தான்.

கடைசிக் காட்சியில் இன்னொன்று புரிந்தது. சுவர் இடிந்த பிறகு தூரத்திலிருந்து ஒரு சிறுமி நடந்து வருவாள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது அவளை யாரோ என்று நினைத்து, எழுந்து விளக்குப் போடப் போய்விட்டாள் அக்கா. யாரோ இல்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட அதே பிள்ளை. துப்பாக்கிக்காரன் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு அவளைத் தப்பவிட்டிருக்கிறான். நல்ல படம்தான். அதுதான் சிக்கலே. கெட்ட படமாக இருந்தால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அன்றைக்கே அவள் மூன்று காட்சி பார்த்தாள். மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் நிமிடம் நிமிடமாகக் குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளியின் ஓவிய அறையில் பெற்றோர் சங்கக் கூட்டம். சிறுபிள்ளை பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமை பல் டாக்டரம்மா. பெயர்ப் பட்டியல் வாங்கிப்போக மேலாளரும் வந்து கடைசி பெஞ்சில் இருந்தார். டிக்கெட் அக்கா எழுந்ததும் அவர் கண்ணாலேயே "உட்கார்" என்றார். வேலை போனால் கணவரின் மிக்ஸி ரிப்பேர் வருமானத்தில் எத்தனை நாள் ஓட்டுவது? ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை படத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அவள் முடிப்பதற்குள் இன்னொருவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய மூத்த மகன் எட்டாம் வகுப்பு. "இவங்க பேச்சைக் கேட்டுத்தான் நான் மோசம் போனேன்" என்றார். அறை திரும்பிப் பார்த்தது.

"ஆமா" என்றாள் அக்கா. "அவர் சொல்றது அத்தனையும் உண்மை. முதல் பதினஞ்சு நிமிஷம் பாக்காமயே பாக்கலாம்னு சொல்லிட்டேன். அதுல என்ன இருந்துச்சுன்னு அவர் பொண்ணு மூலமாத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பெரிய தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

"அப்புறம் நாங்க எதுக்கு உங்க பேச்சைக் கேக்கணும்?" என்றார் டாக்டரம்மா. நியாயமான கேள்விதான்.

"கேக்க வேண்டாம் டாக்டர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த ரூம்ல எத்தனை பேர் அந்தப் படத்தைப் பாத்திருக்கீங்க?"

ஒரு கையும் எழவில்லை. அறுபது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா விடுகிற ஆள் இல்லை. "என் ரெட்டைப் பசங்களுக்குப் பத்து வயசு. அவனுங்க பாக்காத அடிதடியா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் பொத்திப் பொத்தி வளக்க முடியுமா?"

"பொத்தச் சொல்லல. என் பொண்ணு பாக்கத்தான் போறா. ஆனா இவர் வந்து கேட்டப்போ வீட்ல கைக்குழந்தை இருக்கான்னு நான் கேக்கவே இல்ல. வயசை மட்டும் கேட்டுக்கிட்டேன். எந்தப் பிள்ளைக்கு எது குத்தும்னு கவுன்டர்ல உக்காந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? பெத்த உங்களுக்குத்தான் தெரியும். ஆனா நீங்க படத்தைப் பாக்கல." நோட்டைத் திறந்தாள். "ஆறாவது நிமிஷம், சைரன். எட்டாவது நிமிஷம், கதவை உடைக்கிறாங்க." ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் வாசித்தாள். ஒன்பதாவது நிமிடத்துக்கு வந்தபோது பெஞ்சுகள் கிறீச்சிடுவதை நிறுத்திவிட்டன.

"காதால கேட்டது போதாது" என்று நோட்டை மூடினாள். "நாளைக்குக் காலைல பிள்ளைங்களை விட்டுட்டு நீங்க மட்டும் வந்து பாருங்க. பாத்துட்டு அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க முடிவு பண்ணுங்க."

நின்றுகொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் வரேன். பத்து நிமிஷத்துக்கு மேல நானும் பாக்கல. என் பொண்ணு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கா. பாதியோட விட்டுட்டு அவளுக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

அந்தக் கேள்வி அறையைப் புரட்டிப் போட்டது. ஒரு கை எழுந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. கடைசி பெஞ்சில் மட்டும் ஒருவர் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார். "காலைல பத்து மணிக்கு ஷோ போட்டுடலாம்!" என்று எழுந்து நின்றார் மேலாளர், ஏதோ தானே கூட்டிய கூட்டம்போல.

சனிக்கிழமை காலை இருநூற்றுத் தொண்ணூறு பேர் வந்தார்கள். கூட்டத்துக்கு வராதவர்களையும் வந்தவர்கள் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அத்தனை பேரும் உள்ளே. டிக்கெட் அக்கா கவுன்டரில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்பதாவது நிமிடம் தாண்டியதும் அந்தச் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. அதற்குப் பிறகு உள்ளே ஓர் இருமல்கூட இல்லை.

படம் விட்டதும் வரிசை கவுன்டரிலிருந்து மாடிப்படி வரை நின்றது. பட்டியல் அவள் முன்னால் இருந்தது. ஒவ்வொருவராக வந்து தன் பிள்ளை பெயரைக் காட்டினார்கள்.

முதலில் டாக்டரம்மா. கண் சிவந்திருந்தது, மூக்கு அதைவிட. "என் பசங்க ரெண்டு பேரையும் பட்டியல்லேர்ந்து அடிச்சிருங்கக்கா. அவனுங்க தாங்குவானுங்களோ என்னவோ, எனக்குத் தாங்கல. இந்த வருஷம் வேண்டாம்." அவர் வாயிலிருந்து 'அக்கா' வருவது அதுதான் முதல் தடவை. அடுத்து ஒரு தையல்காரப் பெண். "எங்க வீட்ல ஒரே பொண்ணு, பதினோரு வயசு. முதல்லயே கதையைச் சொல்லிட்டு, பக்கத்துல உக்காந்து பாக்குறேன். எனக்கும் சேத்து ஒரு டிக்கெட் குடுங்க." ஒரு தந்தை வேண்டும் என்றார், மனைவி வேண்டாம் என்றார், ஓரமாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து "அடுத்த வருஷம்" என்றார்கள். அக்கா ஒருவருக்கும் யோசனை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாம் அரங்கில் கரடிக்குட்டிப் படம் என்று முடிவானது. பெரிய பிள்ளைகளோடு அப்பா அம்மாவும் டிக்கெட் வாங்கியதில் மறுநாள் முதல் அரங்கும் நிரம்பிவிடும் என்றானது. "ரெண்டு ஹாலும் ஃபுல்! எல்லாம் நம்ம ஐடியாதான் சார்" என்று மேலாளர் முதலாளியிடம் போனில் கத்தினார். வைத்துவிட்டு அவளைப் பார்த்து அசடு வழிந்தார். "திங்கக்கிழமைலேர்ந்து படம் ஆரம்பிக்கிறப்போ நான் கவுன்டர்ல உக்காந்துக்குறேன். நீ உள்ள போய்ப் பாரும்மா."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வரிசையின் நடுவில் நின்று வந்து சேர்ந்தார். துளைக்கு நேராகக் குனிந்தார்.

"பெரியவன் வரான், நானும் வரேன். உங்களைக் கேக்க வரல, நானே முடிவு பண்ணிட்டேன்."

"அதுதான் வேணும்" என்றாள் அவள்.

"படம் முடிஞ்ச கையோட வீட்டுக்கு போன் போட்டுப் பொண்ணுகிட்ட பேசினேன். படத்துல அந்த அக்கா சாகலடா, திரும்பி வந்துட்டா, அந்த அம்மா ரெண்டு பிள்ளைங்களையும் சேத்துக் கட்டிக்கிட்டாங்கன்னு சொன்னேன். நானா இருந்தா விரலையே நீட்ட மாட்டேன்னும் சொன்னேன்." அவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "சரிப்பான்னா. தம்பி அழுவுறான், தொட்டில் ஆட்டப் போறேன்னு போனை வெச்சுட்டா."

டிக்கெட் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்டியலைத் தேடுவதுபோலக் குனிந்தாள். பெயர் கண்ணெதிரிலேயே இருந்தும் தேடினாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வேற படம் வருதாமே" என்றார் அவர். "நீங்க முழுசாப் பாருங்க. அதுவரைக்கும் நாங்க யாரும் வரமாட்டோம்."

அவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அடுத்தது யாரு? வாங்க!" என்று கூப்பிட்ட குரல் சாலை வரைக்கும் கேட்டது.